விசிலுக்கு முந்தைய அரை நொடி

ஒருவன் பந்தோடு ஓடுகிறான். இன்னொருவன் குறுக்கே சறுக்கி வருகிறான். மோதல். பந்தோடு வந்தவன் புல்லில் உருள்கிறான். அரங்கத்தில் பாதிப் பேர் 'ஃபவுல்' என்று கத்துகிறார்கள். மீதிப் பேர் 'நடிக்கிறான்' என்கிறார்கள். மைதானத்துக்குள் ஒருவர் மட்டும் எதுவும் சொல்லாமல் இன்னும் இரண்டடி ஓடி வந்து பார்க்கிறார். கால்பந்தில் கோலுக்கு அடுத்தபடியாக எனக்குப் பிடித்தது அந்த இரண்டடி ஓட்டம்தான்.

விழுந்தவனெல்லாம் வீழ்த்தப்பட்டவன் அல்ல. பந்துக்காகத் தோளோடு தோள் முட்டலாம், மோதலாம். அதற்கெல்லாம் ஆட்டத்தில் இடம் உண்டு. விதிப்புத்தகத்தில் உள்ள 17 விதிகளில் ஃபவுலுக்கானது 12-வது. உதைப்பது, தடுக்கிவிடுவது, தள்ளுவது, மேலே பாய்வது என்று அது வரிசையாகச் சொல்லிப் போனாலும், அதன் உயிர் மூன்று படிகளில் இருக்கிறது. முதல் படி கவனக்குறைவு: நிதானம் தப்பி எதிராளியின் காலைத் தட்டிவிட்டான். ஃப்ரீ கிக்கோடு முடிந்தது. இரண்டாவது அசட்டை: அவனுக்கு என்ன ஆனால் எனக்கென்ன என்று பாய்ந்தான். மஞ்சள் அட்டை. மூன்றாவது அளவுமீறிய பலம்: எதிராளியின் எலும்புக்கே ஆபத்து வரும்படி இறங்கினான். சிவப்பு அட்டை, வெளியே போ. மூன்று படிகளில் எதிலும் 'வேண்டுமென்று செய்தானா' என்ற கேள்வி கிடையாது. மனதைக் குடைந்து பார்க்கச் சொல்லாமல் காலைப் பார்க்கச் சொன்ன அந்த விதியை எழுதியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

காலில் என்னதான் தெரியும்? எவ்வளவோ தெரியும். எத்தனை தூரத்திலிருந்து ஓடி வந்தான், ஒரு காலை நீட்டினானா இரண்டையுமா, பூட்ஸின் ஆணிகள் தரையைப் பார்த்தனவா எதிராளியைப் பார்த்தனவா, பாதம் புல்லை உரசி வந்ததா கணுக்காலுக்கு மேலே எழும்பியதா. எல்லாவற்றிலும் நுட்பமானது முழங்கால். மடங்கிய முழங்கால் மோதும்போது விட்டுக்கொடுக்கும்; அடி குறையும். விறைத்து நீண்ட கால் விட்டுக்கொடுக்காது. ஓடி வந்தவனின் முழு எடையும் கடப்பாரைபோல நேராக இறங்கும். ஒரே சுரம் அசைவு மாறினால் வேறு ராகத்தைக் காட்டிவிடுமே, அதுபோல ஒரே டேக்கிள் முழங்காலின் மடிப்பு ஒன்றினால் மஞ்சளாகவும் சிவப்பாகவும் பிரிந்துபோகிறது. பந்தைத் தலையால் முட்ட எம்பும்போது விரியும் கைகளும் இப்படித்தான். உடம்பு மேலே எழக் கை விரிந்தே ஆகவேண்டும். அந்த முழங்கை எம்புவதற்கான கருவியா, பக்கத்தில் இருப்பவன் முகத்துக்கான ஆயுதமா என்பதுதான் நடுவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

இதையெல்லாம் பார்க்கச் சரியான இடத்தில் நிற்க வேண்டும். மைதானத்தின் ஒரு மூலைப் பக்கத்திலிருந்து எதிர் மூலைப் பக்கத்துக்குக் குறுக்காக ஓடி, ஆட்டத்தைத் தனக்கும் லைன்ஸ்மேனுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளும் முறையைப் பரப்பியவர் இங்கிலாந்தின் ஸ்டான்லி ரௌஸ். பிற்பாடு ஃபிஃபாவின் தலைவரானவர். நடுவருக்கு வேண்டியது மோதுகிற இரு உடல்களுக்கு நடுவே தெரியும் அந்தச் சின்ன இடைவெளி. பக்கவாட்டில் நின்றால் அது தெரியும். நேர் பின்னால் நின்றால் ஒருவன் முதுகு இன்னொருவன் காலை மறைத்துவிடும். பத்தடி தூரத்தில் தப்பான கோணத்தில் நிற்பதைவிட இருபதடி தள்ளிச் சரியான கோணத்தில் நிற்பது மேல்.

கோணம் தவறினால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்த நாள் 2010 ஜூலை 11. ஜோஹன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பை இறுதியாட்டம், ஸ்பெயினும் நெதர்லாந்தும். நடுவர் ஹோவர்ட் வெப், யார்க்ஷயரில் போலீஸ்காரராக இருந்தவர். 28-வது நிமிடம். உயரத்தில் வந்த பந்துக்கு ஸ்பெயினின் ஷாபி அலோன்சோ தலையை நீட்டுகிறார். நெதர்லாந்தின் நைஜல் டி யோங் காலை உயர்த்துகிறார். பூட்ஸின் ஆணிகள் அலோன்சோவின் மார்பில் பதிகின்றன. வெப் காட்டியது மஞ்சள். தனக்குச் சரியான பார்வை கிடைக்கவில்லை என்றும், பிறகு படத்தில் பார்த்தபோது அது சிவப்புக்குரியது என்று புரிந்தது என்றும் அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அன்று அவர் 14 மஞ்சள் அட்டைகளைக் காட்ட வேண்டியிருந்தது. மனிதர் மீது எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒரு முதுகு மறைத்தால் நெஞ்சில் பதிந்த ஆணியும் மறைந்துபோகும் தொழில் இது.

இப்போது அந்த முதுகை விலக்கிக் காட்ட வீடியோ உதவி நடுவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான வழிமுறையில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கால் எங்கே பட்டது, கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க மெதுவான ஓட்டம். அடி எவ்வளவு பலமானது என்று பார்க்க இயல்பான வேகம். மெதுவாக ஓட்டினால் எந்தத் தொடுகையும் கொடூரமாகத் தெரியும் என்பதை உணர்ந்து வகுத்த ஏற்பாடு.

அட்டைகளின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த கால் இறுதியில் யார் எச்சரிக்கப்பட்டார் என்பதே குழப்பமாகப் போக, ஆங்கிலேய நடுவர் கென் ஆஸ்டன் லண்டன் கென்சிங்டன் சாலையில் சிக்னல் விளக்கைப் பார்த்து மஞ்சளையும் சிவப்பையும் யோசித்தார். 1970-ல் மெக்ஸிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. அந்த உலகக் கோப்பையில் ஒரு சிவப்புக்கூடத் தேவைப்படவில்லை.

எனக்கு அட்டையைவிட, ஊதாத விசில்தான் பெரிய கலை. ஃபவுல் நடந்தது நடுவருக்குத் தெரியும். ஆனால் அடிபட்ட அணியிடமே பந்து இருக்கிறது, முன்னால் வழியும் திறந்திருக்கிறது. இப்போது ஊதினால் தப்பு செய்தவனுக்குத்தான் லாபம். வாய்வரை வந்த விசிலை நிறுத்தி, சில நொடிகள் காத்து, இரு கைகளையும் முன்னால் வீசி 'ஓடு' என்கிறார். அட்வான்டேஜ். பலிக்கவில்லையென்றால் அந்தச் சில நொடிக்குள் திரும்பி வந்து ஃப்ரீ கிக் கொடுக்கலாம்.

வெப்பின் அந்த 2010 இறுதியாட்டத்தில், 83-வது நிமிடத்தில் நெதர்லாந்தின் ஆர்யென் ராபன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். ஏற்கெனவே மஞ்சள் வாங்கியிருந்த ஸ்பெயினின் புயோல் பின்னாலிருந்து கையால் வளைத்துப் பிடிக்கிறார். ராபன் விழவில்லை. எதிரே கோல்கீப்பர் கசியாஸ் ஒருவர்தான். வெப் ஊதவில்லை. கசியாஸ் பந்தை வாரிக்கொள்ள, ராபன் கொதித்துப்போய் நடுவரிடம் வாதாடி மஞ்சள் வாங்கினார். அந்த ஓட்டத்தை ஊதி வெட்டாமல் விட்டது சரி என்றே இன்றும் சொல்வேன். ஆனால் பந்து நின்றபின் புயோலிடம் திரும்பாமல் போனது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் ஆட்டத்தை ஓடவிட்டாலும் நடுவரின் நினைவிலிருந்து தப்பு அழிவதில்லை.

அந்த நினைவு திரும்பி வருவதைப் பார்க்கத்தான் நான் காத்திருப்பேன். ஃபவுல் நடந்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பந்து மூன்று பேரைத் தாண்டி, கோல் கம்பத்துக்கு மேலே பறந்து வெளியே போயிருக்கும். கூட்டம் அந்த டேக்கிளை மறந்திருக்கும். செய்தவனும் மறந்து, குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பான். நடுவர் மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து அவசரமில்லாமல் நடந்து வருவார். ஒரு விரலால் அவனைக் கூப்பிடுவார். 'அங்கே' என்று அந்தப் பழைய இடத்தைக் கையால் காட்டுவார். பிறகு சட்டைப் பைக்குள் கை போகும்.