திணைமயக்கமும் நகர அயலுறவும்

அடுத்தடுத்து வாழ்வோர் அனைவரும் அயலார் ஆகிவிடுவதில்லை. சென்னைப் பெசன்ட் நகரும் அதனை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பமும் இதற்குச் சான்றாகும். முன்னது வசதியுடையோர் மிக்க குடியிருப்பு. பின்னது மீனவர் ஊர். கடலும் மணலும் இரண்டிற்கும் பொதுவாயினும், ஒருவர் தெருவில் மற்றவர் விருந்தினராதல் அரிது. இங்கு 2015ஆம் ஆண்டில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கப்பெற்றது. இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணா முதலியோர் குப்பத்து மக்களோடு கூடி இதனை நடத்தினர். கருநாடக இசை, பரதநாட்டியம், பறையாட்டம், வில்லுப்பாட்டு ஆகியன இவ்விழா மேடையில் இடம்பெற்றன.

உயர்ந்த கலை எளியோரைச் சென்றடைந்தது என்று இதனைப் பாராட்டுவாரும் உளர். அப்பாராட்டு விழாவின் பெருமையைக் குறைப்பதே என்பது எம் கருத்து. கலைகளுள் உயர்வு தாழ்வு உண்டென்னும் எண்ணத்தை அது முன்னரே ஏற்றுக்கொள்கிறது. தொல்காப்பியரோ கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்துப் பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைத்தார். ஒவ்வொரு நிலத்திற்கும் அதற்குரிய பறையும் உண்டு, யாழும் உண்டு. பறையைச் சேரிக்கும் வீணையை அவைக்கும் பிரித்தளித்தது சாதியேயன்றி இலக்கணம் அன்று. எனவே இவ்விழா புதுவதோர் இரக்கச் செயல் அன்று; பழையதோர் ஒப்புமையின் மீட்சியாகும்.

ஆயினும் வினா ஒன்று எஞ்சுகிறது. திணைகள் தம்முள் மயங்கலாம், நிலங்கள் மயங்கா என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. மேடையிற் பாட்டும் பறையும் மயங்கின; ஆயின், நிகழ்ச்சி முடிந்தபின் அவரவர் தத்தம் நிலத்திற்கே மீளின், அம்மயக்கம் ஓர் இரவின் காட்சியாய் ஒழியாதோ?

இதற்கு விடை காணச் சிலப்பதிகாரம் துணைசெய்யும். பரதவரும் கைவினைஞரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கத்திற்கும், அரசரும் பெருவணிகரும் வாழ்ந்த பட்டினப்பாக்கத்திற்கும் இடையே நாளங்காடியை அமைத்துக் காட்டுகிறார் இளங்கோவடிகள். அங்காடியின் இயல்பு கொள்ளலும் கொடுத்தலும் ஆகும். கொடுப்போர் என்றும் கொடுப்போராகவும், கொள்வோர் என்றும் கொள்வோராகவும் இருப்பின் அஃது அறச்சாலையாகுமேயன்றி அங்காடி ஆகாது.

இவ்வளவைக் கொண்டு நோக்கின், இவ்விழாவின் முதன்மையான செயல் மேடையில் நிகழ்ந்தது அன்று. அரங்குகளில் அமர்ந்து இசை கேட்டுப் பழகியோர் குப்பத்துத் தெருவழியே நடந்து சென்று, மீனவர்க்கு விருந்தினராய் அமர்ந்தனரே, அதுவே முதன்மையானது. இங்கு ஒரு பாதி நிறைவெய்தியது. மறுபாதி இனி நிகழவேண்டியது. மார்கழி இசையரங்குகளில் பறை விருந்தாகவன்றி உரிமையோடு ஒலித்தல் வேண்டும். குப்பத்தார் அங்குக் கலைஞராக மட்டுமன்றிச் சுவைஞராகவும், கலையை மதிப்பிடுவோராகவும் அமர்தல் வேண்டும். கலை எல்லையை அழிப்பதில்லை. எல்லையில் அங்காடி ஒன்றை எழுப்புகிறது. அங்கு இருபாலாரும் கொண்டு கொடுக்கும்போதே அடுத்திருப்போர் அயலாராவர்.