ஒரே மவுஸ், மூன்று கணினி, நான்கு திரை: பிள்ளையார்பாளையத்தில் ஒரு வாரச் சோதனை

பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவருக்கு ஒரு திரை போதாது. டிசைன் மென்பொருளில் ஒரு புள்ளி என்பது ஜக்கார்டு பெட்டியின் ஒரு கொக்கி. ஒரு வரி என்பது ஓர் ஊடை. 240 கொக்கி பார்டரை எட்டு மடங்கு பெரிதாக்கினால் 1920 புள்ளி. ஃபுல் எச்டி திரையின் அகலமே அவ்வளவுதான். உயரம் 1080 புள்ளி என்பதால் மேலிருந்து கீழாக 135 ஊடைதான் தெரியும். அன்னப்பட்சியின் அலகைத் திருத்தும்போது வால் திரைக்கு வெளியே போய்விடும். அதனால் பக்கத்துத் திரையில் முழு டிசைனும், இன்னொன்றில் வாடிக்கையாளர் கொண்டுவந்த பழைய சேலையின் படமும் திறந்தே இருக்க வேண்டும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நான் ஒரு வாரம் உட்கார்ந்திருந்த டிசைன் அறையில் திரைக்குப் பஞ்சமில்லை. மூன்று கணினி, நான்கு திரை. டிசைனுக்கு விண்டோஸ் 11 உள்ள புதிய கணினி, அதற்கு இரண்டு திரை. கணக்குக்கும் படங்களுக்கும் விண்டோஸ் 10 கணினி. ஜக்கார்டு அட்டை அடிக்கும் இயந்திரத்தோடு பிணைந்து கிடக்கும் விண்டோஸ் 7 கிழவர் ஒருவர். தொல்லை என்னவென்றால் மேசையில் மூன்று கீபோர்டு, மூன்று மவுஸ். எதைத் தொட்டால் எது அசையும் என்று கண்டுபிடிப்பதிலேயே கை அலுத்துவிடும்.

முதலில் ஒரு தெளிவு

ஒரே மவுஸை மூன்று கணினிக்கும் ஓடவிடும் மென்பொருள்களைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சோதனையின் முதல் நாளே டிசைனர் கேட்டார்: “தம்பி, மவுஸ் அந்தப் பக்கம் போச்சு, படம் ஏன் கூடவே போகலை?” போகாது. ஒரே கணினியின் இரண்டு திரைகளுக்கு இடையில் ஜன்னலை இழுத்துப் போடலாம். வெவ்வேறு கணினிகளுக்கு இடையில் மவுஸ் அம்பும், கீபோர்டும், காப்பி செய்ததும்தான் தாண்டும். எனவே டிசைன் மென்பொருளுக்குத் தேவையான திரைகள் எல்லாம் அந்த ஒரே கணினியில்தான் செருகப்பட வேண்டும்.

மவுஸ் விதவுட் பார்டர்ஸ்

மைக்ரோசாஃப்ட் கேரேஜ் 2011-இல் வெளியிட்ட இந்த இலவச மென்பொருள், 2023 முதல் பவர்டாய்ஸ் தொகுப்பின் ஓர் அங்கம். நான்கு கணினி வரை இணைக்கும்; விண்டோஸுக்கு மட்டும். நிறுவுவது எளிது. ஒரு கணினியில் பாதுகாப்புச் சாவியை உருவாக்கி, மற்றதில் அந்தச் சாவியையும் முதல் கணினியின் பெயரையும் கொடுத்தால் போதும். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் அம்பு இங்கிருந்து அங்கே நடக்கத் தொடங்கிவிட்டது.

எனக்குப் பிடித்தது, இதில் தலைமைக் கணினி என்று ஒன்று கிடையாது. எந்தக் கணினியில் செருகிய கீபோர்டும் எல்லாவற்றையும் ஆளும். கரண்டு போய் ஒன்று அணைந்தாலும், யு.பி.எஸ்.ஸில் இருக்கும் இன்னொன்றின் கீபோர்டை எடுத்து வேலையைத் தொடரலாம். 100 எம்.பி.க்குக் குறைவான கோப்பை இங்கே காப்பி செய்து அங்கே ஒட்டலாம். சேலைப் படங்களுக்கு இது தாராளம்.

ஓரம் தாண்டுவதுதான் சிக்கல். பார்டரின் கடைசிக் கொக்கியைத் திருத்தப் போனால் அம்பு அடுத்த கணினிக்குள் நழுவிவிடுகிறது. இரண்டாம் நாள் நானே கவனிக்காமல் கன்ட்ரோல்-இசட் அழுத்தினேன்; டிசைனுக்குப் பதிலாகக் கணக்குத் தாளில் போட்ட பதிவு அழிந்தது. இதற்கு மருந்து மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஈஸி மவுஸ்’ அமைப்பில் கன்ட்ரோலையோ ஷிஃப்டையோ பிடித்தால் மட்டுமே தாண்டும்படி வைக்கலாம். திரைகளின் அளவு வேறுபட்டால் ‘மூவ் மவுஸ் ரிலேட்டிவ்லி’ என்பதையும் இயக்கிவிடுங்கள்.

காப்பி செய்தது எல்லாக் கணினிக்கும் போகிறது என்பதை மறக்கக் கூடாது. கணக்குக் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைக் காப்பி செய்தால் அது டிசைன் கணினிக்கும் வந்துவிடும். அந்தப் பகிர்வை அணைத்துவைக்க வசதி உண்டு. பலர் வந்துபோகும் அறையில் அணைப்பதே நல்லது.

மேக்கோ லினக்ஸோ இருந்தால்

அப்போது டெஸ்க்ஃப்ளோ. 2001-இல் பிறந்த சினெர்ஜியின் திறமூல வடிவம் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றையும் இணைக்கும். ஆனால் கீபோர்டு செருகிய கணினிதான் தலைமை. அது தூங்கினால் மற்றவை கையில்லாமல் நிற்கும்.

விண்டோஸ் 7 கிழவர்

பவர்டாய்ஸ் இதில் ஏறாது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியிலேயே பொதுவாக முடிந்துவிட்டதால், இதை நெட்வொர்க்கில் சேர்க்கவும் கூடாது. பொத்தானை அழுத்தினால் கீபோர்டும் மவுஸும் இடம் மாறும் சிறிய யு.எஸ்.பி. ஸ்விட்ச் ஒன்றை வைத்தோம். டிசைன் பென் டிரைவில் போகிறது. அட்டை அடிக்க இது போதும்.

வயரும் வண்ணமும்

வைஃபையில் அம்பு விட்டு விட்டு நகர்ந்தது. லேன் வயரும் ஐந்து போர்ட் ஸ்விட்சும் போட்டதும் சீரானது. மென்பொருள் இலவசம் என்பதால் கைக்காசு செலவானது இந்த வயருக்கும் ஸ்விட்சுகளுக்கும்தான்.

நான்கு திரையும் வெவ்வேறு வயது என்பதால் எம்.எஸ். புளூ என்ற சேலை நிறம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நீலம். பழைய டி.என். திரையில், தலையைச் சற்று அசைத்தாலே அரக்கு வெளுத்தது. ஐ.பி.எஸ். திரை ஒன்றை மட்டும் வண்ணத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைப் புள்ளி பார்க்க மட்டும் பயன்படுத்தச் சொன்னேன். டிசைனர் அதையும் நம்பவில்லை. சாயம் போட்ட நூலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே வண்ணத்தை முடிவு செய்தார். அவர் செய்ததே சரி.

தீர்ப்பு

எல்லாம் விண்டோஸ் 10, 11 என்றால் மவுஸ் விதவுட் பார்டர்ஸ், கண்ணை மூடிக்கொண்டு. கலவையாக இருந்தால் டெஸ்க்ஃப்ளோ. மிகப் பழைய கணினிக்கு யு.எஸ்.பி. ஸ்விட்ச். ஒரே கணினியில் எல்லா வேலையும் முடிகிறவருக்கு இவை எதுவும் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ஐ.பி.எஸ். திரை ஒன்று வாங்கி அதே கணினியில் செருகுங்கள்.