உறவுப்பெயரும் அரசுப்பெயரும்: குல்பதன் பேகத்தின் நூலும் அதன் மொழிபெயர்ப்பும்

முகலாய அரசர்களின் வரலாற்றுக்குச் சான்றாகும் பாரசீக நூல்களுள் பெண்ணொருவர் எழுதியதாகச் சிறப்பிடம் பெறுவது, பாபரின் மகளும் ஹுமாயூனின் தங்கையும் அக்பரின் அத்தையுமான குல்பதன் பேகத்தின் ‘ஹுமாயூன் நாமா’ ஆகும். ஏறத்தாழ 1523இல் பிறந்து 1603இல் மறைந்த குல்பதன், அக்பரின் ஆணைப்படி 1587ஆம் ஆண்டளவில் இந்நூலை எழுதினார். ஆசிரியர்க்கு அப்போது அறுபது வயது கடந்திருந்தது. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கையெழுத்துப் படி ஒன்றே இந்நூலைப் பிற்காலத்தார்க்கு அறிமுகப்படுத்தியது. காம்ரான் குருடாக்கப்பட்ட செய்தியோடு அப்படி இடையிலேயே முறிந்துவிடுகிறது. அனெட் பெவரிட்ஜ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1902இல் வெளிவந்தது. அதன் பின்னரே ஆய்வாளரிடையே நூல் பரவலாக அறியப்பட்டது.

வரலாற்றாசிரியர் பலர் இந்நூலை அபுல் பசலின் ‘அக்பர் நாமா’வோடு ஒப்பிட்டு, போர்ச் செய்திகள் குறைந்தது, காலவரிசையில் தளர்ந்தது, வீட்டுச் செய்திகள் மிகுந்தது என மதிப்பிட்டனர். இம்மதிப்பீடு நூலின் பொருளை மட்டும் நோக்கி மொழியை நோக்காததால் நேர்ந்ததாகும். குல்பதனின் நூலில் அரசியல் இல்லாமல் இல்லை. அது உறவுப்பெயர்களுக்குள் வைத்துச் சொல்லப்படுகிறது. ஆகவே, உறவுப்பெயர்கள் எவ்வாறு பெயர்க்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே அந்நூல் வரலாறாகவோ வெறும் அந்தப்புரக் கதையாகவோ படிப்போர் கைக்கு வந்து சேரும்.

இரு பெயர் வழக்குகள்

முகலாய அரசவையில் மறைந்த அரசரை இயற்பெயரால் சுட்டுவதில்லை. பாபர் ‘பிர்தௌஸ் மகானி’ என்றும் ஹுமாயூன் ‘ஜன்னத் ஆஷியானி’ என்றும் குறிக்கப்பட்டனர். முன்னது சுவனத்தை உறைவிடமாகக் கொண்டவர் என்றும், பின்னது சுவனத்தைக் கூடாகக் கொண்டவர் என்றும் பொருள்படும். குல்பதனுக்கு வந்த ஆணையும் இப்பெயர்களாலேயே அமைந்தது. நூலின் தொடக்கமும் அவ்வழக்கைப் பேணுகிறது. ஆயினும், தந்தை மறைந்தபோது தமக்கு எட்டு வயதென்றும், நினைவில் எஞ்சியதையும் பிறரிடம் கேட்டதையும் எழுதுவதாகவும் கூறி நூலுக்குள் நுழையும் ஆசிரியர், விரைவிலேயே வேறொரு வழக்குக்கு மாறிவிடுகிறார். ‘பிர்தௌஸ் மகானி’யாக இருந்தவர் ‘பாதுஷா பாபாம்’ ஆகிறார். ‘பாதுஷா’ ஆட்சிப்பெயர், ‘பாபா’ தந்தையைக் குறிக்கும் உறவுப்பெயர், ஈற்றிலுள்ள மகரமெய் ‘என்’ என்னும் தன்மை ஒருமை உடைமையைக் காட்டும் ஒட்டு. அரசப் பதவி, உறவு, பேசுபவரின் உரிமை ஆகிய மூன்றும் ஒரே தொடரில் அடங்குகின்றன.

இவ்வொட்டு இந்நூலின் உறவுப்பெயர்களில் அடிக்கடி பயில்கிறது. பாபரின் தமக்கை கான்சாதா பேகம் ‘ஆகா ஜானம்’ எனப்படுகிறார். ஹுமாயூனின் தாயான மாஹம் பேகம் ‘ஆகாம்’ எனப்படுகிறார். ‘பேகம்’ என்னும் சொல்லின் ஈற்று மகரத்தையும் இவ்வுடைமை ஒட்டாகவே சொற்பிறப்பியலார் விளக்குவர். தலைமை குறித்த ‘பேக்’ என்னும் துருக்கிச் சொல் ‘என் தலைவர்’ என விளிப்பெயராகி, பின்னர்ப் பெண்பாற் பட்டமாக உறைந்தது என்பது அவ்விளக்கம். பட்டப்பெயரே ஒரு காலத்தில் உறவோடு கூடிய விளியாக இருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

இரு தாயர்

குல்பதனைப் பெற்றவர் தில்தார் பேகம். வளர்த்தவர் மாஹம் பேகம். பிறந்து இரண்டாண்டு நிரம்பும் வேளையில் குழந்தையை மாஹம் தம் பொறுப்பில் ஏற்றார். அதற்கு முன்னரே தில்தாரின் மகன் ஹிந்தாலையும் அவர் ஏற்று வளர்த்திருந்தார். தம் குழந்தைகள் பலரை இழந்த மூத்த மனைவியின் விருப்பம் அரசரின் இசைவோடு ஆணையாயிற்று. மாஹம் மறைந்து ஓராண்டு கழித்துப் பதினொரு வயதுச் சிறுமியாகக் குல்பதன் பெற்ற தாயின் இல்லத்திற்குத் திரும்புகிறார். திரும்பியதில் மகிழ்ச்சி இல்லை; வளர்த்தவரை இழந்து இரவும் பகலும் அழுததையே நூல் பதிவு செய்கிறது.

இப்பகுதியில் தாய்மை, உரிமை, பதவி ஆகியவற்றின் சிக்கலை ஆசிரியர் விளக்கவுரையாக எங்கும் கூறவில்லை. பெற்றவரைத் தாய் என்னும் பொருளுடைய சொல்லாலும், வளர்த்தவரை ‘ஆகாம்’ என்னும் சொல்லாலும் வேறுபடுத்திச் சுட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். ‘ஆகா’ என்பது மூப்பையும் தலைமையையும் உணர்த்தும் சொல். ‘தாய்’ என்பது அதன் நேர்ப்பொருளன்று. எனினும், அச்சொல்லோடு சேர்ந்த ‘என்’ என்னும் ஒட்டு, பெற்ற தாய்க்குரிய நெருக்கத்தை அதற்குத் தந்துவிடுகிறது. அரச குடும்பத்தில் ஒரு குழந்தை கைமாறிய வரலாறு முழுவதும் இவ்விரு சொற்களின் வேறுபாட்டில் தங்கியிருக்கிறது.

ஆங்கிலப் பெயர்ப்பின் நிறையும் குறையும்

பெவரிட்ஜின் உழைப்பு போற்றத்தக்கது. நூலில் வரும் பெண்டிரும் அக்காலத்துப் பிற பெண்டிரும் யார் யார் என்பதை விளக்கும் விரிவான பின்னிணைப்பை அவர் அமைத்தார். ஒரே பெயருடைய பலரை வேறுபடுத்தி அறிய அது இன்றும் பயன்படுகிறது. ‘ஆகாம்’ போன்ற சொற்களை மூல வடிவிலும் காட்டிச் சென்றது அவர்தம் நேர்மைக்குச் சான்று.

ஆயினும், ‘ஆகாம்’ என்பதற்கு அவர் கொண்ட ‘மை லேடி’ என்னும் தொடர் ஆங்கிலத்தில் பணியாளர் உயர்குடிப் பெண்ணை விளிக்கும் வழக்கிற்கு உரியது. இலக்கண அளவில் பெயர்ப்பு சரியே. உடைமையும் தலைமையும் அதில் உள்ளன. ஆனால், மூலத்தில் நெருக்கத்தைத் தந்த ஒட்டு பெயர்ப்பில் தொலைவைத் தருகிறது. மடியில் வளர்ந்த மகள் வாயிற்படியில் நிற்கும் தோழிபோல் ஒலிக்கிறாள். உருபுக்கு உருபு ஒத்துவந்தும் பொருள் மாறுபடுவதற்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டு.

பாரசீகத்தில் படர்க்கைப் பெயரிடத்தில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. ஆங்கிலமோ ஒவ்வொரு முறையும் பாலைத் தெரிவிக்கிறது. இதனால், அரசரும் மூதாட்டியரும் ஒரே மரியாதைத் தொனியில் பேசப்படும் மூலத்தின் சமநிலை ஆங்கிலத்தில் குலைகிறது.

தமிழுக்கு வாய்ப்பும் இடரும்

இவ்விரு நிலைகளிலும் தமிழ் மூலத்திற்கு நெருங்கி நிற்கிறது. ‘அவர்’ என்னும் மரியாதைப் பெயர் பால் காட்டாது. ‘வந்தார்’ என்னும் வினைமுற்று பாபருக்கும் கான்சாதாவுக்கும் ஒருங்கே பொருந்தும். மேலும், உடைமையை உறவுப்பெயருக்குள்ளேயே அடக்குவது பழந்தமிழின் இயல்பு. எந்தை, நுந்தை, தந்தை எனவும், யாய், ஞாய், தாய் எனவும் இடந்தோறும் வேறுபடும் வடிவங்கள் சங்க இலக்கியத்தில் பயில்கின்றன. இன்றைய தமிழில் ‘தந்தை’, ‘தாய்’ ஆகிய படர்க்கை வடிவங்கள் எல்லா இடங்களுக்கும் பொதுவாகிவிட்டன. ‘பாபாம்’ என்பதற்கு அமைப்பளவில் ‘எந்தை’ போல ஒத்த சொல் வேறில்லை. ஆனால், ‘எந்தை’ இன்று செய்யுள் நடையாகிவிட்டது. குல்பதனின் பாரசீகமோ வீட்டுப் பேச்சுக்கு அணித்தான எளிய நடை. அமைப்பு ஒத்தும் நடை ஒவ்வாமையால் ‘என் அப்பா’ என்பதே அங்கு ஏற்புடையது. அரசுப்பெயர் முன்வரும் இடங்களில் ‘பாதுஷாவாகிய என் அப்பா’ என விரித்தல் பொருந்தும்.

‘ஆகா’ என்பதன் ஒலி ‘அக்கா’ என்பதை நினைவூட்டுவது ஓர் இடர். ஒலி ஒப்புமை பொருள் ஒப்புமை ஆகாது. வளர்ப்புத் தாய் தமக்கையாகிவிடுவார். ‘ஆகாம்’ என்பதை ஒலிபெயர்த்து வைத்து, முதல் வரவில் மட்டும் தொடரினுள்ளேயே பொருள் விளங்கச் செய்வது நலம்.

பெரிய இடர் உறவுமுறை அமைப்பில் உள்ளது. பாரசீகத்தின் ‘பிராதர்’ வயது காட்டாது. தமிழ் அண்ணனா தம்பியா என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். ஹிந்தால் குல்பதனுக்கு அண்ணன் என்பதை வரலாற்றைக் கொண்டே துணிய வேண்டியுள்ளது. ஹிந்தாலின் மகள் ருக்கையா பேகத்தை அக்பர் மணந்தார். இதனைச் ‘சித்தப்பா மகளை மணந்தார்’ எனப் பெயர்த்தால், சித்தப்பா மகளைத் தங்கையாகவோ தமக்கையாகவோ கொள்ளும் முறை பழகியவர்க்கு அது முறை தவறிய மணமாகத் தோன்றும். மூலத்தில் அத்தகைய உறுத்தல் இல்லை. இவ்விடத்தில் ‘ஹிந்தாலின் மகள்’ என இயற்பெயரால் சுட்டுவதே மூலத்திற்கு நேர்மையாகும். உறவுப்பெயரைக் காப்பதே பொது நெறியெனினும், அதனைக் கைவிடுவது காப்பாகும் இடமும் உண்டு.

மறுப்பின் மொழி

1541இல் சிந்துப் பகுதியில் நாடிழந்து அலைந்த ஹுமாயூன் ஹமீதா பானுவை மணக்க விரும்பியபோது ஹமீதா நாற்பது நாள் இணங்கவில்லை. அரசரை ஒருமுறை காண்பது முறை, மறுமுறை காண்பது விலக்கு என்று வாதிட்டார். தில்தார் பேகம் அறிவுரை கூறியபோது, தாம் மணப்பவர் தம் கை ‘கிரிபான்’ அளவு எட்டக்கூடியவராக இருக்க வேண்டும், ‘தாமன்’ அளவுகூட எட்டாதவராக இருத்தல் கூடாது என்று மறுமொழி தந்தார். ‘கிரிபான்’ கழுத்துப்பட்டி, ‘தாமன்’ ஆடையின் கீழ்விளிம்பு. பாரசீகத்தில் ஒருவரின் தாமனைப் பற்றுவது அடைக்கலம் வேண்டி இரப்பதைக் குறிக்கும். கழுத்துப்பட்டியைப் பற்றுவதோ நேருக்கு நேர் நிற்பவரிடையே நிகழ்வது. கணவனை எதிர்நின்று கேட்கும் உரிமை வேண்டும். இரந்து நின்றாலும் எட்டாதவர் வேண்டா என்பதே கருத்து.

இதனைத் ‘தகுதிக்கு ஏற்றவரை மணப்பேன்’ எனச் சுருக்கினால் பணிவு மட்டும் எஞ்சும், உரிமைக்குரல் மறையும். ‘சட்டையைப் பிடித்துக் கேட்பது’, ‘காலைப் பிடிப்பது’ என்னும் தமிழ் வழக்குகள் இரண்டும் இங்குத் துணைநிற்கக் கூடியவை. முன்னதில் சண்டைத் தொனி சற்று மிகும். பின்னதில் ஆடைக்கு மாறாக உடலுறுப்பு வரும். எனினும், மேலும் கீழுமாக அமைந்த அவ்வுருவகத்தின் அச்சு சிதையாது.

ஹமீதா பிற்காலத்தில் ‘மரியம் மகானி’ என்னும் பட்டத்தால் அறியப்பட்டார். அப்பட்டப்பெயரில் மறுத்துப் பேசிய பெண்ணின் சுவடு இல்லை. அப்போது காபூலில் இருந்த குல்பதன், பின்னர்க் கேட்டறிந்து அப்பேச்சைப் பேச்சாகவே எழுதிவைத்தார். அரசவை வரலாறு பட்டப்பெயர்களால் மூடிய மனிதரை இந்நூல் உறவுப்பெயர்களாலும் உரையாடலாலும் மீட்டுத் தருகிறது. ‘ஆகாம்’ என்னும் ஒரு சொல்லுக்கு என்ன செய்வது என்ற வினாவைச் சிறு வினாவாகக் கருதும் மொழிபெயர்ப்பாளர், அரசர்களின் வரிசையை மட்டுமே தமிழுக்குக் கொண்டுவருவார். அவ்வரிசையை அறிய வேறு நூல்கள் பல உள்ளன.