நெடுநேரப் புகைப்படத்தில் திணைநோக்கு

கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தெடுக்கும் படத்தில் அலைகள் மூடுபனியாகும், நடப்போர் மறைவர். எஞ்சுவன நிலமும் பொழுதுமே. தொல்காப்பியம் முதற்பொருள் எனக் கூறும் இவ்விரண்டோடு கலைஞர் நின்றுவிடலாமா என்பதே நாம் எழுப்பும் வினா.

1953இல் பிறந்த ஆங்கிலேயர் மைக்கேல் கென்னா, இரவில் பல மணிநேரம் ஒளியேற்ற கறுப்பு வெள்ளைப் படங்களாலும் புகழ்பெற்றவர். அவரது பனிவெளியில் ஒற்றை மரம் கருப்பொருளாய் நின்று தனிமையை உணர்த்துகின்றது. அவரைப் பின்பற்றுவோர் பலர் நுட்பத்தைப் பெறுகின்றனர், உரிப்பொருளைப் பெறுவதில்லை.

இக்குறைத்தலுக்கு ஒரு விலையும் உண்டு. 1838இல் டாகர் எடுத்த பாரிஸ் தெருப்படத்தில் நகர்ந்தோர் அனைவரும் மறைந்தனர். காலணியைத் துலக்கக் கொடுத்து அசையாது நின்றவர் பதிந்தார், துலக்கியவரோ மங்கலானார். உழைப்பே முதலில் அழிந்தது.

செங்கற்சூளையாலும் இரயில்வேத் தொழிலாளராலும் உருவான பிரிக்பீல்ட்சையும், கிள்ளான் கடைத்தெருவையும் ஆளற்ற வெளியாக்குதல் எளிது. அதில் அழகும் உண்டு. ஆயினும், நடைபாதையில் அமர்ந்து பூத்தொடுப்பவர் அப்படத்திலும் எஞ்சுவார். அவர் விரல்கள் மட்டும் புகையாகும். அப்புகையே அங்கு உரிப்பொருள். எதனை அழிப்பது என்பதைக் கருவி செய்துவிடும்; எவரை எஞ்சவிடுவது என்னும் தேர்வே கலைஞரின் தனிநோக்கு என்பது நம் துணிபு.