குடல் அழற்சியும் நோயாளியின் கூற்றும்

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுத்து, நோயாளியை முதற்கண் வைக்கின்றது. மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் ஆகியவை அதன் பின்னரே எண்ணப்படுகின்றன. இவ்வரிசையின் பொருத்தம் இக்காலக் குடல் அழற்சி மருத்துவத்தில் நன்கு விளங்கும். நோயாளி தம் நோய்க்குறிகளைத் தாமே கைப்பேசியில் பதிந்து மருத்துவமனைக்கு அனுப்பும் முறை அத்துறையில் பரவி வருகின்றது. அம்முறை தருவது யாது, தாராதது யாது என்பது ஆராயத்தக்கது.

குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி என இருபெரும் வகைப்படும் இந்நோய் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது; சில காலம் தணிந்திருந்து சில காலம் சீறி எழுவது. அச்சீற்றம் மருத்துவரைக் காணும் நாள் பார்த்து வருவதில்லை. திங்கள் பல கழித்து வரும் நோயாளி, இடையே எத்தனை முறை மலம் கழிந்தது, குருதி கலந்ததா என்பவற்றை நினைவிலிருந்தே சொல்ல வேண்டியவராகிறார். நினைவு பிழைபடும் என்பது மருத்துவர் முன்பே அறிந்ததுதான். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற குரோன் நோய்ச் செயற்பாட்டுக் குறியீடு, ஏழு நாள் குறிப்பை நோயாளியே எழுதிவரச் செய்தது. இன்றைய செயலி அக்குறிப்புத் தாளின் வழித்தோன்றலே ஆகும்.

நினைவினும் பெரிய தடை நாணம். அவையில் சொல்லத் தகாதவற்றை மறைத்துச் சொல்லுதலை இடக்கரடக்கல் என இலக்கணம் வகுத்துள்ளது. 'வெளிக்குப் போனேன்' என்பது நாகரிகமான வழக்கே. ஆயினும் எத்தனை முறை, எத்தகையது, இரவிலுமா என்று அறிய விழையும் மருத்துவருக்கு அவ்வழக்கு ஒன்றையும் சொல்வதில்லை. நேரில் வாய் கூசும் செய்தியைத் தனியே அமர்ந்து விரலால் குறிப்பது எளிது. செயலியின் உண்மைச் சிறப்பு இதுவே எனலாம். விரைவு அதற்கு அடுத்ததே.

பயன் குறித்த சான்றுகளுள் நெதர்லாந்து ஆய்வு குறிப்பிடத்தக்கது. 2017இல் வெளியான அவ்வாய்வில் நான்கு மருத்துவமனைகளைச் சேர்ந்த 909 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டு ஓராண்டு கவனிக்கப்பட்டனர். வெளிநோயாளர் வருகை, செயலி வழி கண்காணிக்கப்பெற்றோரிடம் சராசரி 1.55 ஆகவும், வழக்கமான முறையில் இருந்தோரிடம் 2.34 ஆகவும் இருந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது முன்னவரிடம் 0.05, பின்னவரிடம் 0.10. இவை சிறு பயன்கள் அல்ல. ஆனால், நோய் சீறி எழுந்த அளவிலும், ஸ்டீராய்டு மருந்து தேவைப்பட்ட அளவிலும், அறுவை மருத்துவத்திலும் இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வருகை குறைந்தது என்பதை நோய் குறைந்தது என்று படிப்பது பிழையாகும். அமெரிக்காவில் 348 நோயாளிகளிடம் குறுஞ்செய்தி வழி நடத்தப்பெற்று 2019இல் வெளியான ஆய்வும் இதனையே வலியுறுத்துகின்றது. வாரந்தோறும் வினவப்பட்டோரும், இரு வாரத்துக்கு ஒருமுறை வினவப்பட்டோரும், வழக்கமான மருத்துவம் பெற்றோரினும் நோய் நிலையிலோ வாழ்க்கை நலத்திலோ மேம்பட்டிலர். அடிக்கடி வினவுதல் மட்டுமே நோய் தணிக்கும் மருந்தாகாது.

மற்றொரு குறையும் உண்டு. நோயாளி உணர்வதும் குடலில் உள்ளதும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. குரோன் நோயில் வலியின்றியே அழற்சி முற்றிக் குடல் சுருங்குவதுண்டு; அழற்சி அடங்கிய பின்னும் வலி நீடிப்பதுண்டு. ஆதலின் மலத்தில் கால்புரோடெக்டின் அளவும், உள்நோக்கிச் சோதனையும் இன்றியமையாதன. இதுகொண்டு நோயாளியின் கூற்றைத் தள்ளிவிடலாகாது. சோதனை புண்ணைக் காட்டும். அப்புண்ணோடு ஒருவர் வாழும் வாழ்வைக் காட்டாது. பேருந்தில் ஏற அஞ்சுவதும், திருமண வீட்டில் உண்ணாமல் எழுவதும் நோயாளி சொன்னாலன்றித் தெரியா.

இவ்விடத்தே மொழி முதன்மை பெறுகின்றது. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் நடத்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வு, மலேசிய இனங்களுள் இந்தியரிடையே இந்நோய் புதிதாகத் தோன்றும் விகிதம் மிகுந்திருப்பதைக் காட்டியது. மலேசிய இந்தியருள் பெரும்பாலோர் தமிழர் ஆதலின், தமிழில் அமையும் வினாக்கள் செம்மையாக இருத்தல் வேண்டும். மலத்தை அடக்க இயலாத நிலையை 'அவசரம்' என ஒரு சொல்லால் பெயர்த்தால், 'எனக்கு அவசரம் ஒன்றுமில்லை' என்று முதியவர் ஒருவர் விடை குறித்துவிடக்கூடும். 'கழிவறையை அடையும் வரை அடக்க முடிந்ததா?' என்று கேட்டால் ஐயத்துக்கு இடமில்லை. 'வயிற்றெரிச்சல்' என்பது பொறாமையையும் குறிக்கும். 'கடுப்பு' சினத்தையும் குறிக்கும். அகராதி நோக்கிச் சொல்லுக்குச் சொல் வைப்பவர் இவற்றில் இடறுவர்.

பிழையான வினாவுக்கு வந்த விடையும் எண்ணாகவே திரையில் தோன்றும். அதன் பிழை வெளியே தெரியாது. அவ்வெண்ணை நம்பியே மருந்து கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும். எனவே வினாக்களைத் தமிழாக்கும் மேசையில் மருத்துவரும் தாதியரும் அமர்வது போலவே தமிழாசிரியரும் அமர்தல் வேண்டும். இடக்கரடக்கலை மாணவர்க்குக் கற்பிப்போரே, அதனை எங்கே விலக்க வேண்டும் என்பதையும் எடுத்துக்காட்ட வல்லவர்.