யானைப் பையனும் நன்னடத்தைச் சான்றிதழும்

செத்துப்போன நடிகனைப் பற்றி எழுதுவதற்கு நம்ம நாட்டில் இரண்டு தராசு வைத்திருக்கிறார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை என்றால் அவன் குடி, கடன், தொடுப்பு எல்லாம் ‘கலைஞனின் பலவீனம்’ ஆகிவிடும். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை என்றால் அதே சங்கதி பிறவிக் குணமாகிவிடும். ‘வந்த இடம் அப்படி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மைசூர் யானைப் பையன் சாபுவைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போது இந்த இரண்டாவது தராசுதான் எனக்குத் தெரிகிறது.

யார் இந்த சாபு? 1924இல் மைசூர் சமஸ்தானத்தில் கபினி ஆற்றோரம் காராபுரத்தில் பிறந்தவர். அப்பா மகாராஜாவின் யானைக் கொட்டாரத்தில் பாகன். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து கொட்டாரத்தை நம்பி வளர்ந்த பையன். கபினித் தண்ணீர் நரசிபுரத்தில் காவிரியோடு கலந்து நம்ம ஒகேனக்கலில்தான் வந்து விழுகிறது. அந்த வகையில் ஆள் நமக்கு அசலூர்க்காரர் இல்லை. வெள்ளைக்காரப் படக்குழு 1935இல் மைசூருக்கு வந்து யானைமேல் உட்காரத் தெரிந்த பையனைத் தேடியபோது சாபுவுக்கு வயது பதினொன்று. 1937இல் ‘எலிபென்ட் பாய்’ வெளிவந்தது. வெனிஸ் திரைப்பட விழாவில் இயக்குநர்கள் ஃப்ளாஹர்ட்டிக்கும் சோல்டான் கோர்டாவுக்கும் பரிசு கிடைத்தது. பையன் உலகம் பூராவும் தெரிந்த முகமானான்.

‘சாபு இசுலாமியர் ஆச்சே, தலித் பத்திரிகையில் எதுக்கு?’ என்று தோழர் ஒருவர் கேட்டார். யானைக்குச் சாணி அள்ளியவன், தீனி அறுத்தவன், மிதிபட்டுச் செத்தவன் வரலாறு நமக்கு வேண்டாமா? யானை மன்னனுக்குப் பெருமை. அதன் மூத்திர வாடை பாகனுக்கு. உழைப்பைத் தொட்டுக்கொள்ளாமல் அதன் பலனை மட்டும் தொட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு நம்ம ஊரில் என்ன பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

படத்துக்கு வருவோம். கிப்ளிங் கதையிலிருந்து எடுத்தது. யானை பிடிக்க வரும் பீட்டர்சன் துரையிடம் அப்பாவும் மகனும் தங்கள் யானையோடு வேலைக்குச் சேருகிறார்கள். அப்பாவைப் புலி அடித்துவிடுகிறது. யானை வேறொரு முரட்டுப் பாகன் கைக்குப் போகிறது. அவன் வதைக்க, அது மதம் கொண்டு அவனைத் தாக்குகிறது. அதைச் சுட்டுவிடுவார்கள் என்று பயந்து பையன் யானையோடு காட்டுக்குள் ஓடுகிறான். அங்கேதான் யாரும் காணாத காட்டானைக் கூட்டத்தைக் காண்கிறான். கடைசியில் கூட்டம் துரையின் வேட்டைக்கு ஆகிறது. பையனுக்கு எல்லோரும் சேர்ந்து வாழ்த்துச் சொல்கிறார்கள். பாகன் பரம்பரையின் அறிவு முழுவதும் ஒரு வாழ்த்தொலிக்குக் கைமாறிவிடுகிறது. இதைத்தான் ‘காட்டுக் குழந்தையின் கள்ளமற்ற அன்பு’ என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள்.

எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பாஷை புரியாவிட்டாலும் பிள்ளைகள் யானையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. முடிந்ததும் ஏழாவது படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: “அண்ணா, அந்தப் பையன் படிச்சானா? அவனுக்குக் கூலி யாரு வாங்கினாங்க?” பின்னால் உட்கார்ந்திருந்த அவள் பாட்டி, “கூலி கெடக்குது, அப்பன் செத்த புள்ளைய எவன் பாத்துக்கிட்டான்னு கேளு கண்ணு” என்றார். எத்தனையோ திரைப்பட நூல்களில் வராத கேள்விகள் இவை. பையனை அண்ணனோடு இலண்டனுக்கு அழைத்துப் போனார்கள், ஒப்பந்தம் போட்டார்கள், பள்ளியிலும் சேர்த்தார்கள் என்று சொன்னேன். பாட்டிக்குத் திருப்தியில்லை. எனக்கும் இல்லை.

ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தில் எழுதாத ஷரத்து ஒன்று இருந்தது: இவன் வளரக்கூடாது. 1940இல் வந்த ‘தீஃப் ஆஃப் பாக்தாத்’ பாருங்கள். படத்தைத் தூக்கி நிறுத்துவது திருட்டுப் பையனாக வரும் சாபு. பூதத்தை ஏமாற்றுகிறான், சூனியக்காரனை வீழ்த்துகிறான். இளவரசி போய்ச் சேருவது வெள்ளைக்கார நடிகர் வேடம் கட்டிய ராஜகுமாரனிடம். சாபுவுக்குப் பறக்கும் கம்பளம். 1942இல் ‘ஜங்கிள் புக்’: ஓநாய் வளர்த்த மௌக்லி. அதே ஆண்டு ‘அரேபியன் நைட்ஸ்’, 1944இல் ‘கோப்ரா வுமன்’: நாயகனுக்கு நாயகி, சாபுவுக்கு நாயகனின் நட்பு. இருபது வயது ஆம்பளைக்குத் துண்டைக் கட்டிவிட்டு, மிருகத்தோடோ எசமானோடோதான் நிறுத்தினார்கள். நம்ம பெரியவர்களை எழுபது வயதிலும் ‘டேய்’ என்று கூப்பிடுகிற வாய்க்கும் இந்தக் காமிராவுக்கும் அதிக தூரமில்லை.

இன்னொரு பக்கம் தேசியவாதிகள். 1938இல் ‘தி டிரம்’ வந்தது. எல்லைப்புறக் கலகத்தில் வெள்ளையருக்கு உதவும் இளவரசனாக சாபு நடித்தார். ஏகாதிபத்தியப் பிரச்சாரப் படம், சந்தேகமில்லை. பம்பாயில் எதிர்ப்புக் கிளம்பித் திரையிடல் நின்றது. எதிர்த்தது சரி. ஆனால் அந்தப் பதினான்கு வயதுப் பையனின் பெயரோடு விசுவாசி என்ற வாடை ஒட்டிக்கொண்டது. கதை எழுதியவர்களும் முதல் போட்டவர்களும் வெள்ளையர்கள். கொட்டாரத்தையும் யானைகளையும் தந்து உதவியது மைசூர் அரண்மனை. மகாராஜாவை யாரும் கேட்கவில்லை, அவர் கொட்டாரத்துப் பையனைக் கேட்டார்கள்.

அமெரிக்காவில் 1923இல் பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபிக்காரர் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அவரும் அமெரிக்கப் படையில் இருந்தவர்தான். ஆனால் அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? தான் உயர்சாதி ஆரியன், சாதிக் கட்டுப்பாடு இரத்தத்தைக் கலக்க விடவில்லை, ஆகவே தான் வெள்ளையன். கடல் தாண்டியும் சாதியைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. சாபுவிடம் காட்ட அப்படி ஒரு பட்டயம் இல்லை. 1944இல் குடியுரிமை பெற்றார். அமெரிக்க விமானப்படையில் குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கிக்காரராகப் பசிபிக் போரில் பறந்து, ‘டிஸ்டிங்விஷ்டு ஃப்ளையிங் கிராஸ்’ என்ற வீரப் பதக்கம் வாங்கினார். திரையில் வளர விடாத ஆளைச் சாவுக்குப் போகும் விமானத்தில் மட்டும் முழு ஆளாக ஏற்றிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தவருக்கு நல்ல வேடங்கள் குறைவு. 1947இல் ‘பிளாக் நார்சிஸஸ்’ ஒன்றைச் சொல்லலாம். பிறகு வந்தவைதான் அவர் பெயரைக் கெடுத்தவை. குழந்தைக்குத் தகப்பன் அவர்தான் என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். ஜூரிகள் சாபு பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 1950இல் அவர் வீடு எரிந்தது. காப்பீட்டுப் பணத்துக்காக அவரே கொளுத்தச் சொன்னார் என்று குற்றச்சாட்டு எழுந்து கோர்ட்டுப் படி ஏறினார். அதற்காக அவர் சிறைக்குப் போகவில்லை. 1960இல் அவர் அண்ணன் கொள்ளையர் கையில் கொல்லப்பட்டார். 1963 டிசம்பர் 2ஆம் தேதி மாரடைப்பு. வயது முப்பத்தொன்பது.

இதில் எதையும் நான் மறைக்கச் சொல்லவில்லை. வழக்குப் போட்ட பெண்ணைப் பொய்க்காரி என்று திட்டி நம்ம ஆளைக் காப்பாற்றுகிற வேலையும் எனக்கில்லை. ஜூரி தீர்ப்பு என்பது ஜூரி தீர்ப்பு, அந்தப் பெண் தனியாகப் பட்டதை அது அழித்துவிடாது. என் கேள்வி வேறு. ஹாலிவுட்டில் இதைவிடப் பெரிய வழக்குகளில் சிக்கிய வெள்ளை நட்சத்திரங்கள் உண்டு. அவர்கள் கதையை வழக்கிலிருந்து தொடங்குவதில்லை. சாபுவை மட்டும் ‘காட்டிலிருந்து வந்த கள்ளமற்ற குழந்தை நகரத்தில் கெட்டுப்போனது’ என்று எழுதுகிறார்கள். ஆசையும் கோபமும் பணக் கஷ்டமும் உள்ள சாதாரண மனுசனாக இருக்கும் உரிமையைப் பறிக்கும் வேலை இது. கள்ளமற்றவன் என்று புகழ்வதும் கெட்டுப்போனவன் என்று இகழ்வதும் ஒரே கையெழுத்து.

பிறந்த நாடாவது சேர்த்துக்கொண்டதா? மெஹபூப் கான் ‘மதர் இந்தியா’வில் பிர்ஜு வேடத்துக்கு சாபுவை நினைத்தார். வேலை அனுமதி கிடைக்காமல் அது நடக்கவில்லை. 1957இல் வந்த படத்தில் சுனில் தத் நடித்தார். தமிழில் தேவர் பிலிம்ஸ் யானைப் படங்களாக எடுத்துத் தள்ளியது. 1972இல் வந்த ‘நல்ல நேர’த்தில் எம்.ஜி.ஆர். யானைகளுக்குச் சொந்தக்காரர். யானையை வைத்திருப்பவன் நாயகன் ஆகலாம். கழுவுகிறவன் ஆவது அபூர்வம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2023 மார்ச் 7ஆம் தேதி நம்ம மாரண்டஹள்ளி பக்கம் மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. முதுமலையிலிருந்து காட்டுநாயக்கர் இனப் பாகன் பொம்மன் தருமபுரிக் காட்டுக்கு வந்திருந்தார். அவரும் பெள்ளியும் இருக்கும் ‘தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்’ படத்துக்கு ஆஸ்கர் கிடைத்த செய்தி வந்தபோது அவர் இங்கேதான் குட்டிக்காக அலைந்துகொண்டிருந்தார். படத்தில் வரும் ரகு என்ற குட்டியும் ஒருங்கிணைந்த தருமபுரி மாவட்டமாயிருந்த ஓசூர்ப் பக்கத்துக் காட்டுப் பிள்ளைதான். அதே ஆண்டு ஆகஸ்டில், சொன்ன உதவி வந்து சேரவில்லை என்று பொம்மனும் பெள்ளியும் பேசினார்கள். படக்குழு மறுத்தது. யார் கணக்கு சரி என்பது அவர்களுக்குள் தீர வேண்டியது. ஆனால் பாலக்கோட்டு டீக்கடையில் பேப்பரை மடித்துவிட்டு ஒருவர் சொன்னார்: “பேரு வாங்கிக் குடுத்தவங்க மேலயே புகார் சொல்றான் பாரு, நன்றி கெட்ட சனம்.” அன்பே வடிவான ஆதிவாசி என்று மார்ச்சில் உருகிய அதே வாய்.

நம்ம பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழில் ‘நடத்தை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பள்ளியை விட்டபிறகும் சமூகம் அந்தக் கட்டத்தை விடாமல் தூக்கிக்கொண்டு நம் பின்னால் வருகிறது. பாடினால், நடித்தால், எழுதினால், பதவிக்கு வந்தால், முதலில் அதை நிரப்பு என்கிறது. இப்போது நம்மிலும் சிலர் நம்ம கலைஞர்களைப் பற்றி எழுதும்போது அவர்களை உத்தமர்களாக வெள்ளையடித்து அந்தக் கட்டத்தை ‘மிக நன்று’ என்று நிரப்பப் பார்க்கிறார்கள். கட்டத்தை ஏற்றுக்கொண்டால் தராசையும் ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். அந்த வேலை நமக்கு வேண்டாம். சாபு யானை ஏறினார், உலகத்தைச் சிரிக்கவைத்தார், போரில் பறந்தார், கோர்ட்டில் நின்றார், சின்ன வயதில் செத்தார். முழுசாக எழுதுவோம். யாருக்கும் சான்றிதழ் வாங்கித் தர எழுதவேண்டாம்.