நடுங்கும் விண்மீனும் நெளியும் கண்ணாடியும்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இரவு நின்றால், அடிவானத்து விண்மீன்கள் நடுங்குவதைப் பார்க்கலாம். பார்க்க அழகுதான், வானியலாளருக்கோ தலைவலி. சூடும் குளிருமாய்க் கலையும் காற்று, வரும் ஒளியை ஓயாமல் குழப்புகிறது. தொலைநோக்கியின் கண்ணாடியைப் பெரிதாக்கினால் மட்டும் படம் தெளியாது.

இந்தியாவும் பங்கேற்கும் முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் 492 அறுகோணக் கண்ணாடித் துண்டுகள், 82 விதமான வடிவங்களில். பக்கத்துத் துண்டுகளின் விளிம்புகள் நானோமீட்டர் கணக்கில் பிசகாமல் காவல் காக்க உணரிகள் வேண்டும். அவற்றை உருவாக்கும் வேலையில் நம் புதுச்சேரிக்கும் பங்குண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

ஆனால் அந்த அணிவகுப்பு பாதி வேலைதான். காற்றைச் சமாளிப்பது வேறொரு சிறு கண்ணாடி. சுமார் 90 கி.மீ. உயரத்துச் சோடியம் அணுக்களை லேசரால் ஒளிரவைத்து, வானில் ஒரு செயற்கை விண்மீனையே உண்டாக்குகிறார்கள். அதன் ஒளி எங்கே எவ்வளவு கோணியிருக்கிறது என்று அளந்து, அந்த மெல்லிய கண்ணாடி நொடிக்குப் பல நூறு முறை எதிர்க்கோணலாக நெளிந்துகொடுக்கிறது. கோணலைக் கோணலால் நேராக்கும் இந்தக் குறும்புதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. வானியலாளர் ஹோரஸ் பாப்காக் இந்த யோசனையை 1953-லேயே சொல்லிவிட்டார். கருவிகளுக்கு அந்த வேகம் வரத்தான் பல பத்தாண்டுகள் பிடித்தன.